காஸ்மிக் கதிரும் வாட்ஸ்அப் வதந்தியும்

ஆசிரியருக்கு வணக்கம்.

'இன்றிரவு 12.30 முதல் 3.30 வரை காஸ்மிக் கதிர்கள் பூமியை நெருங்கும், செல்போனை அணைத்து வையுங்கள்' என்ற வாட்ஸ்அப் செய்தி எங்கள் குடியிருப்புக் குழுவில் மறுபடியும் வந்துவிட்டது. கதிர்கள் புதிதாக நெருங்கி வர வேண்டியதில்லை, அடையாறோ அம்பத்தூரோ, விண்வெளியிலிருந்து வரும் இந்தக் கதிர்கள் காற்றில் மோதி உண்டாக்கும் மியூவான் என்ற நுண்துகள் நொடிக்கு ஏறக்குறைய ஒன்று நம் உள்ளங்கை வழியாக எப்போதும் போய்க்கொண்டுதான் இருக்கிறது. இந்த எண்ணிக்கையில் தினசரி ஏற்ற இறக்கம் உண்டு, சரி. சூரியன் சுழலும்போது அதன் காந்தப்புலமும் கூடவே சுழல்வதால் ஒரு பக்கத்திலிருந்து கதிர்கள் கொஞ்சம் கூடுதலாக வருகின்றன; பூமி சுழன்று நாம் அந்தப் பக்கம் திரும்பும்போது எண்ணிக்கை ஏறுகிறது. அது பெரும்பாலும் பிற்பகலில், நள்ளிரவில் அல்ல! அதுவும் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. காற்றழுத்தம் கூடினாலே எண்ணிக்கை குறையும் என்பதால் அந்த விளைவைக் கழித்த பிறகுதான் தெளிவாகத் தெரியும். விக்ரம் சாராபாய் பல ஆண்டுகள் ஆராய்ந்தது இந்த ஏற்ற இறக்கங்களைத்தான். ஊட்டியில் கிரேப்ஸ்-3 ஆய்வகம் மியூவான்களை எண்ணுகிறது. அதைப் பற்றி ஒரு கட்டுரை போடுங்களேன், ராசிபலனுக்கான இடத்தில் கொஞ்சம் எடுத்துக்கொண்டாலும் எங்களுக்குச் சம்மதம்.

— வாசகர், சென்னை