கோத்தகிரி நண்பனுக்கு: தோட்டத்துக் கதையை எழுதப் புறப்படும் முன்

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். மூத்தவளுக்கு வரன் பார்க்கிறோம், அதை நேரில் பேசுவோம்.

குடும்பம் இலங்கைத் தோட்டத்திலிருந்து கோத்தகிரிக்கு வந்த கதையைத் தொடராக எழுதக் கேட்டிருக்கிறார்கள், டிசம்பரில் நுவரெலியாப் பக்கம் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். போ, ஆனால் டிசம்பர் வேண்டாம். வடகிழக்கு மழையில் மண் சரிந்தால் மலை ரயில் நின்றுவிடும். மாசியில் போனால் வானமும் தெளிவாக இருக்கும், தோட்டங்களில் காமன் கூத்தும் நடக்கும். ஊர் முழுக்க ஒரே இடத்தில் கூடியிருக்கும்போது கிடைக்கிற பேச்சு, வீடு வீடாக ஏறி இறங்கினாலும் கிடைக்காது.

டிக்கெட் எடுப்பதற்கு முன் அம்மாவிடம் உட்கார். "பழைய கதையைச் சொல்லும்மா" என்று கேட்டால் குளிர், அட்டைக்கடி, துரை, கப்பல் என்று எல்லா வீட்டிலும் வருகிற கதைதான் வரும். குறிப்பாகக் கேள். தோட்டத்தின் எந்தப் பிரிவு, மேல்கணக்கா கீழ்கணக்கா, எத்தனாம் நம்பர் மலையில் கொழுந்து எடுத்தார்கள், ஆள் சேர்த்துக் கூட்டிப்போய் வேலை வாங்கிய பெரிய கங்காணி யார், சாமான் வாங்க எந்த டவுன், ரயில் ஏறியது அட்டனிலா தலவாக்கலையிலா நானுஓயாவிலா. தோட்டத்தின் பெயரில்தான் சிக்கல். அரசாங்கக் காகிதத்தில் ஆங்கிலப் பெயர் இருக்கும், நம் ஆட்கள் கூப்பிட்டது வேறு பெயராக இருக்கும். டவுனும் ஸ்டேஷனும் தெரிந்தால் போதும், அந்த வட்டாரத்துப் பழைய கணக்கப்பிள்ளை ஒருவர் இரண்டு பெயரையும் பொருத்திச் சொல்லிவிடுவார்.

வருஷத்தைக் கேட்காதே, யாருக்கும் நினைவிருக்காது. தனுஷ்கோடி புயலுக்கு முன்னாலா பின்னாலா, 1973–74 பஞ்சத்தில் அக்காவுக்கு எத்தனை வயசு, 1977 இனக் கலவரத்தின்போது எங்கே இருந்தீர்கள் என்று கேள். போனை விமானப் பயன்முறையில் போட்டு, மடித்த துண்டின் மேல் வை. ஃபேனை நிறுத்து. முக்கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். பக்கத்தில் இருக்கும் பேரப்பிள்ளைகள் வாக்கியத்தை முடித்துவைக்க விடாதே. ஒரு வாரம் கழித்து அதே கேள்விகளைத் திரும்பக் கேள். இரண்டு முறையும் மாறாத விவரத்தை நம்பலாம், மாறினதைக் காகிதத்தோடு ஒட்டிப் பார்.

ஒட்டிப் பார்ப்பதற்கு ஓர் உதாரணம். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்த பிறகு இலங்கையின் தலைமன்னாரிலிருந்து வரும் கப்பல் ராமேஸ்வரத்துக்குத்தான் வந்தது. தோட்டத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியா ஏற்றுக்கொள்ள வகை செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தானது. ஆகவே அந்த ஒப்பந்தத்தில் வந்த குடும்பம் "தனுஷ்கோடியில் இறங்கினோம்" என்றால், முந்தைய தலைமுறையின் பயணம் அதில் கலந்திருக்கிறது. அது பொய்யல்ல. தாத்தா சொல்லிச் சொல்லிப் பேத்தி கண்ணால் பார்த்ததாகவே ஆகியிருக்கும். அந்தக் கலப்பையும் எழுது. ஆனால் எது யாருடைய பயணம் என்று பிரித்து எழுது.

மண்டபம் முகாம் வழி வந்தவர்களுக்குக் கொடுத்த குடும்ப அட்டை, பழைய பாஸ்போர்ட் இரண்டையும் தேடு. ஆனால் அவற்றில் இருக்கும் வயதை நம்பாதே, எழுதினவர் காதில் விழுந்ததைக் குத்துமதிப்பாக எழுதியிருப்பார். இலங்கையில் பிறந்தவர்களின் பிறப்புச் சான்றிதழ் நகலை அங்குள்ள பிரதேசத்தின் செயலகத்தில் கேட்கலாம். பதிவு எண் இல்லையென்றால் ஆண்டையும் இடத்தையும் முடிந்தவரை குறுக்கிக் கொடு.

ஆனால் கப்பலில் போனவர்களின் பெயர்ப் பட்டியலை எதிர்பார்க்காதே. 1860 நவம்பரில் 'ட்ரூரோ' கப்பலில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் போய் இறங்கியவர்களுக்குப் பெயர், தகப்பன் பெயர், ஊர், வயது எல்லாம் பதிவில் உண்டு. அவர்கள் ஒப்பந்தக் கூலிகள். இலங்கைக்குப் போனவர்கள் கங்காணி பின்னால் போனார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்களுக்குக் கிடைத்தது கழுத்தில் கட்டிய ஒரு தகர வில்லை. அதில் தோட்டத்தின் குறியீடும் எண்ணும் பொறித்திருக்கும், ஆளின் பெயர் இருக்காது. வழிச் செலவு தோட்டத்தின் கணக்கில் ஏற, அங்கிருந்து அந்த ஆளின் கடனில் ஏறும்.

ஊரைப் பிடிக்கக் குலதெய்வம்தான் வழி. முசிறி, துறையூர், நாமக்கல், புதுக்கோட்டை என்று எந்தப் பக்கமானாலும் கோயில் கிடைத்தால் பங்காளி கிடைப்பார். போன உடனேயே பட்டாவில் பங்கு கேட்க வரவில்லை என்று சொல்லிவிடு. சிலோனிலிருந்து வந்தவன் பூர்வீகம் விசாரிக்கிறான் என்றாலே அண்ணன் தம்பிகள் வாயை மூடிக்கொள்வார்கள்.

நீ எழுதாமல் விட்ட ஒன்றைக் கேட்கிறேன். உன் கொள்ளுத்தாத்தா பேரேட்டில் பெயர் நின்ற கூலியாளா, சிறு கூட்டத்தை நடத்திய சில்லறைக் கங்காணியா? கங்காணி என்றால் வீட்டில் நீ கேட்டு வளர்ந்தது கடன் கொடுத்தவர் பக்கத்துக் கதை. ஆள் வேலைக்கு வந்த நாளுக்கெல்லாம் கங்காணிக்குப் 'பென்ஸ் காசு' என்ற கமிஷன் கிடைத்தது. கடன் தீராதவர் அடுத்த தோட்டத்துக்குப் போக முடியாமல் பிடித்துவைத்த 'துண்டு' (கடன் சீட்டு) முறை 1921இல்தான் சட்டப்படி ஒழிந்தது. உன் குடும்பப் பெயரைச் சொன்னால் சில கதவுகள் திறக்கும். அதே பெயருக்காகச் சில லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) "நாங்க நல்லாத்தான் இருந்தோம்" என்று முடித்துக்கொள்வார்கள். அந்த லயங்களுக்கு உறவினரைக் கூட்டிக்கொண்டு போகாதே. நம் எழுத்துத் தொழிலில் பூர்வீகத்தால் வருகிற பெரிய இடைஞ்சல் இதுதான், பலர் அதைப் பலம் என்றே நினைக்கிறார்கள்.

தோட்டத் தொழிலாளர்களுக்காக உழைத்த கோ. நடேசய்யர் தஞ்சாவூரிலிருந்து போன வெளியாள். தோட்டத்துக்குள் விடமாட்டார்கள் என்று துணி வியாபாரியாக வேஷம் போட்டு நுழைந்தார், பிறகு பத்திரிகை நடத்தினார். எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை மடகொம்பரைத் தோட்டத்திலேயே பிறந்தவர், நாட்டார் பாடல்களைத் தொகுத்தார். ஒருவருக்குப் பயணம், இன்னொருவருக்குப் பிறப்பு. இருவர் எழுத்தையும் படித்துவிட்டுப் போ. இணையத்தில் 'நூலகம்' தளத்தில் மலையகத்து (இலங்கைத் தோட்டப் பகுதி) பழைய இதழ்கள் நிறைய இருக்கின்றன.

தோட்டம் தனியார் இடம், இன்றைக்கும் மேனேஜர் அனுமதி வேண்டும். வேலை நாளில் காலைப் பெரட்டிலிருந்து (ஆள் கணக்கெடுப்பு) மாலை நாலரை வரை யாருக்கும் பேச நேரமிருக்காது. ஞாயிற்றுக்கிழமை போ. பழைய செக்ரோல் (வேலையாள் பெயர்ப் பதிவேடு) கிடைக்கும் என்று நம்பாதே. 1970களில் அரசு எடுத்து, 1992இல் கம்பெனிகளுக்குக் கைமாறியதில் பல இடங்களில் தொலைந்துவிட்டது. கோயில் மணியிலும் உபயக் கல்லிலும் பெயர் தேடு. கம்பளைப் பக்கம் ஒரு பழைய லயத்தையே அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் (ஒரே அறை) அடுப்பு எங்கே, தொட்டில் எங்கே என்று அளந்து எழுதிக்கொள்.

அம்மாவிடம் அந்தக் குடும்ப அட்டையை வாங்கி இரண்டு பக்கமும் படமெடுத்து இந்த வாரமே அனுப்பு. தோட்டப் பெயர் படிக்கிற மாதிரி இருந்தால், பதுளைப் பக்கமா அட்டன் பக்கமா என்று பார்த்து எழுதுகிறேன்.

அன்புடன்,
மாணிக்கம்