அம்மப்பாவின் ரேடியோவைக் குடலெடுக்காதே, மருமகன்

அன்புள்ள மருமகனுக்கு,

கல்லடி வீட்டு அலுமாரிக்கு மேலே கிடந்த பிலிப்ஸ் ரேடியோவை இறக்கித் துடைத்துப் படம் அனுப்பியிருந்தாய். உள்ளே இருப்பதையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு, ஒரு புளூடூத் போர்டும் இரண்டு சின்ன ஸ்பீக்கரும் வைத்தால் வடிவாக இருக்கும் என்றும் எழுதியிருந்தாய். வேண்டாம் மனே. இதை உனக்குத் தனியாகவே எழுதியிருக்கலாம். ஆனால் மட்டக்களப்புப் பக்கம் இன்னும் பல வீடுகளில் இப்படிப் பெட்டிகள் கிடக்கின்றன. மற்றவர்களும் வாசிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

அந்த ரேடியோ வீட்டுக்கு வந்த காலத்தில் நிலையத்தின் பெயர் ரேடியோ சிலோன். 1967இல்தான் அது கூட்டுத்தாபனமானது. 1978 நவம்பர் 23 சூறாவளியில் வீட்டுக் கூரை போனபோது, உன் அம்மப்பா அதைச் சாக்கில் சுற்றிக் காப்பாற்றினார். ஆனால் பாசத்துக்காக மட்டும் நான் மறிக்கவில்லை. அதற்குள் இருப்பதில் பெரும்பகுதி இன்னும் நன்றாகவே இருக்கும். வால்வும் (ட்ரான்சிஸ்டருக்கு முந்திய காலத்துக் கண்ணாடிக் குழாய்), வோல்டேஜை மாற்றும் ட்ரான்ஸ்போர்மரும் இலேசில் சாகாது. சாவது மின்னைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டர்கள்தான், அவற்றை மாற்றப் பெரிய செலவும் இல்லை.

முதல் வேலை, பிளக்கைச் சுவரில் போடாமல் இருப்பது. இவ்வளவு காலம் கிடந்த செட்டுக்கு நேரடியாக 230 வோல்ட் கொடுத்தால், நல்லாயிருக்கும் ட்ரான்ஸ்போர்மரும் சேர்ந்து எரியும். 100 வாட் இழை பல்ப் ஒன்றைத் தொடராக இணைத்து அதன் வழியாகக் கரண்ட் கொடு. எல்.இ.டி. பல்ப் இதற்கு உதவாது. பல்ப் ஒருமுறை மின்னி மங்கினால் சரி. முழு வெளிச்சத்தில் நின்றால் எங்கேயோ ஷோர்ட், உடனே நிறுத்து. பின்பக்கத்தில் வோல்டேஜ் மாற்றும் சக்கரம் இருந்தால், 220இல் விடாமல் அதற்கு அடுத்த பெரிய எண்ணில் வை.

இன்னொன்று, நிறுத்திய பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் 250 வோல்டுக்கு மேல் நிற்கலாம். பத்தாயிரம் ஓம் ரெசிஸ்டர் ஒன்றால் அதை இறக்கி, மீட்டரால் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். இதில் அவசரப்படவே கூடாது.

உன் படத்தைப் பெரிதாக்கி வால்வுகளின் எண்களைப் பார்த்தேன். ஈ.சி.எச்.81, ஈ.எஃப்.89, ஈ.ஏ.பி.சி.80, ஈ.எல்.84, ஈ.இசட்.80. அருமையான வரிசை. இதில் ஈ.எல்.84தான் ஸ்பீக்கரை ஓட்டுவது. அதன் இரண்டாம் காலுக்கு, முந்திய வால்விலிருந்து ஒரு சின்னக் கடதாசிக் கெப்பாசிட்டர் வழியாகப் பாட்டு மட்டும் வரவேண்டும். பழசானால் அது கசியும். பாட்டோடு நேர் வோல்டேஜும் வந்து சேர, வால்வு அளவுக்கு மீறிக் கரண்ட் இழுத்துச் சிவக்கும், கடைசியில் அவுட்புட் ட்ரான்ஸ்போர்மர் போய்விடும். பல செட்டுகள் சாவது இந்த ஒரு சாமானால்தான். சோதித்துக்கொண்டு நிற்காமல், அதே மைக்ரோஃபராட் அளவில் 630 வோல்ட் பிலிம் கெப்பாசிட்டர் ஒன்றைப் போட்டுவிடு. பெரிய எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரை மாற்றும்போது, மைக்ரோஃபராட் அளவைக் கூட்டிப் போட்டால் நல்லது என்று நினைக்காதே. ஏ.சி. கரண்டை டி.சி.யாக்கும் ஈ.இசட்.80க்கு அடுத்து நேராக வரும் கெப்பாசிட்டர் 50 மைக்ரோஃபராட்டைத் தாண்டக்கூடாது, தாண்டினால் வால்வு கெடும்.

கல்லடியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. உப்புக் காற்றில் அலைவரிசை மாற்றும் சுவிட்சின் செம்புத் தகடுகள் பச்சை பிடித்திருக்கும். கன்டாக்ட் கிளீனர் கொஞ்சம் விட்டு, சுவிட்சைப் பலமுறை திருப்பு. துரு எடுக்கும் எண்ணெயைப் பீய்ச்சாதே. நகரங்களின் பெயர் எழுதிய கண்ணாடிக்கு உள்பக்கத்தில் ஈரத்துணி படவே கூடாது. எழுத்துகள் அந்தப் பக்கம்தான் இருக்கின்றன, ஒரு துடைப்பில் வந்துவிடும். போனால் திருப்பி எழுத ஆளில்லை.

இப்போது உன் புளூடூத். அந்தக் காலத்து செட்டுகளில் இசைத்தட்டுப் பெட்டி இணைப்பதற்கென்று பின்னால் இரண்டு துளைகள் இருக்கும். பற்றரியில் ஓடும் சின்ன புளூடூத் ரிசீவர் ஒன்றை அதில் கொடுத்தால் போதும். இடம், வலம் இரண்டுக்கும் ஆயிரம் ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று போட்டு ஒன்றாகச் சேர்த்துக்கொள். உன் போனில் உள்ள பாட்டு அந்த ஈ.எல்.84 வழியாக, அந்த மரப்பெட்டிக்குள் இருக்கும் பெரிய ஸ்பீக்கரில் வரும். ஒரு துளையும் புதிதாகப் போடத் தேவையில்லை.

இதற்கு முன் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். வால்வு எண்கள் 'யு'வில் தொடங்கும் செட்டுகளில் இரும்புச் சட்டமே மெயின் கரண்டோடு சேர்ந்திருக்கும். அவற்றில் எதையும் இணைக்கக்கூடாது, உயிராபத்து. உன்னுடையது 'ஈ' வரிசை, பெரும்பாலும் பயமில்லை. ஆனாலும் பிளக்கைக் கழற்றி, செட்டின் சுவிட்சை ஓனில் வைத்து, பிளக் கம்பிகளுக்கும் சட்டத்துக்கும் இடையே மீட்டர் வை. தொடர்பு காட்டினால் எனக்குச் சொல், அதற்குமேல் நீ எதையும் தொடாதே.

சட்டத்தைக் கவிழ்த்து, நல்ல வெளிச்சத்தில் அடிப்பக்கத்தை நாலு படம் எடுத்து அனுப்பு. வாங்கவேண்டிய கெப்பாசிட்டர்களின் பட்டியலை எழுதித் தருகிறேன். சாமான் வந்ததும் சோல்டர் அயனோடு நானே வருகிறேன், மாரி தொடங்குவதற்கு முன் முடித்துவிடலாம். அதுவரை பிளக் போடாதே.

அன்புடன்,
மாமா