14416 திரும்பக் கூப்பிடட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மனம் உடைந்தவர்கள் எந்நேரமும் பேசுவதற்காக 2022 அக்டோபரில் தமிழக அரசு 'நட்புடன் உங்களோடு' சேவையைத் தொடங்கியது. மத்திய அரசின் டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைத் திட்டத்தைச் சேர்ந்தது, எண் 14416. கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். நல்ல ஏற்பாடு. அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில் ஒன்றை மட்டும் வற்புறுத்திக் கேட்கிறேன். அவர்கள் கூப்பிடட்டும் என்று காத்திருந்தால் போதாது, நாமும் அவர்களைக் கூப்பிட வேண்டும்.

2022இல் தமிழ்நாட்டில் 19,834 பேர் தற்கொலையில் இறந்ததாக தேசிய குற்ற ஆவணக் காப்பகம் சொல்கிறது. முயன்று பிழைத்தவர்களை 108 ஆம்புலன்ஸ் வார்டுக்குக் கொண்டு வரும். உடம்பு தேறியதும் டிஸ்சார்ஜ். மனநல டாக்டர் ஓபிக்கு வரச் சொல்லியிருப்பார். எத்தனை பேர் வருவார்கள்? ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற கூச்சம், ஒரு நாள் கூலி போய்விடும் என்ற கவலை. திரும்பிப் போவதும் அதே கடனுக்கும் அதே சண்டைக்கும்தான். அந்தச் சில வாரங்கள்தான் பெரிய ஆபத்து.

சென்னை, கொழும்பு உட்பட ஐந்து இடங்களில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வு 2008இல் வெளியானது. முயன்று பிழைத்த 1,867 பேரில் ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சை. மற்றவர்களுக்குக் கூடவே ஒரு மணி நேரப் பேச்சு, அப்புறம் 18 மாதங்களில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ விசாரிப்பு. முதல் பிரிவில் 2.2 சதவீதம் பேர் தற்கொலையில் இறந்தார்கள், விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதம்தான். நம் சென்னையிலேயே செய்து பார்த்த காரியம் இது!

ஆகவே முயன்று பிழைத்தவரிடம் டிஸ்சார்ஜின்போதே சம்மதம் கேட்டு, அவர் எண்ணை 14416 மையத்திடம் கொடுக்க வேண்டும். எப்போது கூப்பிட்டால் தனியாகப் பேச முடியும், வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்வது என்பதையும் அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். கிராமத்தில் பல பெண்களுக்குச் சொந்தமாக போன் கிடையாது. தெரியாத நம்பர் என்றால் லோன் கம்பெனி என்று நினைத்து எடுக்காதவர்களும் உண்டு. எந்த எண்ணிலிருந்து அழைப்பு வரும் என்று முன்பே சொல்லிவிட்டால் அந்தச் சிக்கல் தீரும். தாமாகவே 14416க்குப் பேசியவர் மிகவும் கலங்கியிருந்தால் அவருக்கும் மறுநாளே ஒரு போன் போக வேண்டும். முடிந்தவரை முதலில் பேசிய ஆலோசகரே பேசட்டும். லைன் பாதியில் அறுந்தால் உடனே அங்கிருந்து கூப்பிடுவதைக் கட்டாய விதியாக்க வேண்டும்.

இன்னொன்று. பள்ளிக் கல்வித்துறை உதவி எண் 14417. பதற்றத்தில் ஒரு மாணவன் ஓர் இலக்கத்தை மாற்றிப் போடுவது சுலபம். "வேறு நம்பருக்குப் போடுங்க" என்று அவனைத் திருப்பி அனுப்பாமல் அப்படியே இணைப்பை மாற்றிக் கொடுக்க வேண்டும். போலீஸ் கேஸ் வருமோ என்று பயந்து வாய் திறக்காத குடும்பங்களும் இருக்கின்றன. 2017 மனநலச் சட்டப்படி, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டனை கூடாது என்பதை ஆலோசகர்கள் எடுத்துச் சொல்லட்டும்.

இதற்கெல்லாம் ஆட்கள் வேண்டும். இரவெல்லாம் இப்படிப்பட்ட வேதனையைக் கேட்கிறவர்களுக்கு நல்ல சம்பளமும் போதிய ஓய்வும் வேண்டும். வரும் பட்ஜெட்டில் சுகாதாரத்துறை இதற்குத் தனியாக நிதி ஒதுக்கி, முதலில் சில மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலாவது தொடங்கட்டும். எத்தனை பேரைத் திரும்ப அழைத்தார்கள் என்ற கணக்கை மாதாமாதம் வெளியிடட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
திண்டிவனம்.