பெரிய மீனுக்குப் பரிசு அறிவித்திருக்கும் தூண்டில் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பவானி, காவிரி, அமராவதிக் கரைகளில் தூண்டில் போட்டி நடத்தும் குழுவினருக்கு,

வணக்கம். மழைக்காலத்தை ஒட்டி நீங்கள் நடத்தவிருக்கும் போட்டியின் அறிவிப்பு கைக்குக் கை மாறி எனக்கும் வந்து சேர்ந்தது. இளைஞர்கள் ஞாயிற்றுக்கிழமையை ஆற்றங்கரையில் கழிப்பது நல்ல பழக்கம் என்று எண்ணுகிறவன் நான். ஆகவே போட்டியே வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. அறிவிப்பில் உள்ள இரண்டு வரிகளைப் பற்றி மட்டுமே பேச விரும்புகிறேன். அதிக எடையுள்ள ஒற்றை மீனுக்கு முதல் பரிசு என்பது ஒன்று. எல்லா மீன்களும் மாலை ஐந்து மணிக்கு ஒரே தராசில் நிறுக்கப்படும் என்பது மற்றொன்று.

காலை ஏழு மணிக்குப் பிடிபட்ட மீனை மாலை ஐந்து மணிக்குத் தராசில் வைக்க வேண்டுமென்றால், அதுவரை அது செவுளில் கயிறு கோக்கப்பட்டுக் கரையோரத் தண்ணீரில் கிடக்க வேண்டும், இல்லையேல் ஐஸ் பெட்டிக்குள் போக வேண்டும். பிடித்தவருக்கே மனம் இளகினாலும் அதற்குப் பின் விடுவதற்கு வழியில்லை. கொல்லுங்கள் என்று நீங்கள் எங்கும் எழுதவில்லை; ஆனால் பெரிய மீன் எதையும் உயிரோடு விடக்கூடாது என்பதே அந்த இரண்டு வரிகளும் சேர்ந்து நடைமுறையில் இடும் கட்டளை.

பிடித்த மீனையெல்லாம் திரும்ப ஆற்றில் விடுங்கள் என்று கேட்கிறவனும் அல்லன் நான். வீட்டில் மசாலா அரைத்து வைத்துவிட்டுக் காத்திருப்பவர்களை எனக்கும் தெரியும். கட்லாவை எடுத்துக்கொள்வோம். அது வடக்கத்து ஆறுகளிலிருந்து காவிரிக்குக் கொண்டுவரப்பட்ட மீன். தேங்கிய அணை நீரில் அது முட்டையிடுவதில்லை. 1957 ஜூலை 10 அன்று ஹிராலால் சௌத்ரி என்ற அறிவியலாளர் ஒடிசாவில் கெண்டை இன மீன்களுக்கு ஊசி போட்டு முட்டையிட வைத்துக் காட்டிய பிறகுதான் நாடு முழுவதும் மீன் பண்ணைகளில் குஞ்சு உற்பத்தி பெருகியது. பவானிசாகரிலும் அமராவதியிலும் ஆழியாரிலும் இன்று நாம் பார்க்கும் கட்லாவும் ரோகுவும் பெரும்பாலும் அப்படிப் பண்ணையில் பொரித்து, குஞ்சாக விடப்பட்டு, வளர்ந்தவை. அணையில் கிடைத்த பத்துக் கிலோ கட்லாவைத் திரும்ப விடுவதால் அடுத்த ஆண்டு மீன் கூடப் போவதில்லை. உரிய அனுமதி பெற்றுப் பிடித்திருந்தால் தாராளமாக வீட்டுக்குக் கொண்டு போகலாம், தலையைக் குழம்புக்கு வைத்துக்கொண்டு மீதியை அக்கம்பக்கத்தில் பங்கிடலாம். ஆப்பிரிக்கக் கெளுத்தி கிடைத்தால் நிலை இன்னும் தெளிவு. நடுவண் அரசு 2000-ஆம் ஆண்டிலேயே வளர்க்கத் தடை விதித்த மீன் அது. கண்ணில் பட்ட சிறு மீனையெல்லாம் விழுங்கும் அதை எந்தக் காரணத்துக்காகவும் நீரில் திரும்ப விடக்கூடாது.

என் கவலை மண்ணின் மீன்களைப் பற்றியது. அவற்றுள் முதலாவது, பொம்மீன் என்றும் பூமீன் கெண்டை என்றும் நம் பக்கத்தில் சொல்லப்படும் மஹ்சீர். அதிலும் முதுகு திமில்போல் உயர்ந்திருக்கும் வகை காவிரியையும் அதன் துணையாறுகளையும் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை. 1946-இல் கபினியில் மைசூர் வான் இங்கென் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் தூண்டிலில் 120 பவுண்டு எடையுள்ள மஹ்சீரைப் பிடித்தார்; கிட்டத்தட்ட 54 கிலோ. அவ்வளவு புகழ் பெற்ற மீனுக்கு அறிவியல் பெயர் எது என்பதே 2018 வரை தெளிவாகவில்லை. அந்த ஆண்டில்தான் அது தோர் ரெமாதேவி என்று உறுதிப்படுத்தப்பட்டது. அந்தப் பெயர் 2007-இல் முதன்முதலாகச் சூட்டப்பட்டது பாம்பாற்றில் கிடைத்த மீன்களுக்கு. பாம்பாறு நம் அமராவதி அணைக்கு நீர் கொண்டுவரும் ஆறு என்பதை உடுமலைப்பேட்டைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெயர் உறுதியான 2018-லேயே சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை மிக அருகிய இனங்களின் பட்டியலில் சேர்த்தது. இந்த மீன் வாழும், பவானிசாகர் அணைக்கு நீர் கொண்டுவரும் மாயாற்றின் பள்ளத்தாக்கு புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் அங்கே தூண்டிலுடன் போகும் பேச்சுக்கே இடமில்லை; ஆனால் வெள்ளத்தோடு அணைக்கும் அதற்குக் கீழேயும் இறங்கிவரும் ஒன்றிரண்டு மீன்கள் உங்கள் போட்டியாளர் ஒருவருடைய முள்ளில் மாட்டாது என்று யாராலும் உறுதி கூற முடியாது.

இரண்டாவது, விரால். இது அருகிப்போன மீன் அன்று. குளங்களிலும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால் பாசனத்து வயலோரப் பள்ளங்களிலும் இன்றும் உண்டு. எனக்கு வருத்தம் தருவது அதைப் பிடிக்கும் முறை. மழைக்காலத்தில் குளத்து மூலையில் தண்ணீரின் மேல் ஓரிடம் மட்டும் கொதிப்பதுபோல் சிலிர்ப்பதைக் கண்டிருப்பீர்கள். விரலின் ஒரு கணு அளவுகூட இல்லாத செந்நிறக் குஞ்சுகள் நூற்றுக்கணக்கில் ஒன்றாக மேலே வந்து காற்றை உறிஞ்சிக்கொண்டு ஒன்றாகக் கீழே இறங்கும். அவற்றுக்கு ஒரு முழம் கீழே தாய்விராலோ தந்தைவிராலோ, பல வேளைகளில் இரண்டுமோ, காவலாக நிற்கும். அந்தச் சிலிர்ப்பின் நடுவே முள் பொருத்திய ரப்பர் தவளையைப் போலி இரையாக வீசினால் பசி இல்லாவிட்டாலும் பெரிய விரால் பாய்ந்து கவ்வும், ஏனென்றால் குஞ்சை நெருங்கும் எதையும் அது விரட்டியாக வேண்டும். பெரிய விராலைப் பிடிக்க இதைவிட எளிய வழி இல்லை என்பதால் போட்டி நாட்களில் எல்லோரும் தேடுவது இதைத்தான். காவல் போன குஞ்சுகளை கெளுத்தியும் கொக்கும் சில நாட்களில் முடித்துவிடும். இதைத் திறமை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வாளையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. உலக அளவில் அது அழிவாய்ப்புள்ள இனமாகக் கணிக்கப்பட்டிருக்கிறது, நம் ஆறுகளிலும் பெரிய வாளை கிடைத்தால் அது செய்தியாகிவிடும் நிலைதான் இருக்கிறது.

பெரிய மீன் முதிர்ந்த மீன்தானே, அது தன் வாழ்நாளை வாழ்ந்து முடித்துவிட்டது, சின்னதை விட்டுப் பெரியதை எடுப்பதுதானே நியாயம் என்று உங்களில் பலர் கேட்பீர்கள். கால்நடை வளர்க்கும் ஊர்க்காரர்களுக்கு அப்படித் தோன்றுவது இயல்பே. ஆனால் மீனின் கணக்கு வேறு. 2018-இல் சயன்ஸ் இதழில் வெளியான ஆய்வு ஒன்று 342 கடல்மீன் இனங்களை எடுத்துக்கொண்டு, தாய்மீனின் எடை கூடும் விகிதத்தைக் காட்டிலும் வேகமாக அதன் முட்டைகளின் எண்ணிக்கை கூடுகிறது என்று காட்டியது. அதில் உள்ள எடுத்துக்காட்டு இது: முப்பது கிலோ எடையுள்ள காட் என்ற கடல்மீன் ஒன்று, இரண்டு கிலோ எடையுள்ள இருபத்தெட்டு மீன்கள் சேர்ந்து இடுவதைவிட அதிக முட்டை இடுகிறது. அந்த எண்ணை நம் ஆற்று மீனுக்கு அப்படியே பொருத்திவிட முடியாதுதான். என்றாலும் எடை கூடிய தாய்மீனே சினைக்கு ஆதாரம் என்பதை எந்த மீன் பண்ணைக்காரரும் உங்களுக்குச் சொல்வார். நல்ல தாய்மீனைச் சந்தைக்கு அனுப்ப அவர் சம்மதிக்கவே மாட்டார்.

வலைக்காரர்கள் ஒரு நாளில் பிடிப்பதை நாம் ஓராண்டில் பிடிக்கப்போவதில்லை, எங்களிடம் மட்டும் ஏன் இந்த உபதேசம் என்ற கேள்வியும் வரும். செவுள் வலையின் கண் ஓர் அளவுள்ள மீனைத்தான் பிடிக்கும். சின்னது நுழைந்து போய்விடும். மிகப் பெரியதன் தலை கண்ணுக்குள் நுழையாது, முட்டித் திரும்பிவிடும். பரிசலில் போய் வலை விரித்துப் பிழைக்கிறவரிடமிருந்து இப்படித் தப்பித்துத் தப்பித்துத்தான் ஒரு மீன் அவ்வளவு பெரிதாகிறது. அதைத் தனியாகத் தேடிப் போய் எடுக்கக்கூடியவர்கள், பிழைப்புக்காக அல்லாமல் பொழுதுக்காக மீன் பிடிக்கும் நாம் மட்டுமே. ஆகையால் எண்ணிக்கையில் சிறியவர்களாக இருந்தாலும் பெரிய மீன் விஷயத்தில் நம் பங்கு சிறியதன்று.

இதற்கெல்லாம் எதிராக நான் மதிக்கும் ஒரு வாதம் உண்டு. "தின்பதற்கென்றால் பிடி, இல்லையென்றால் அதன் வாயில் ஏன் முள்ளை ஏற்றுகிறாய்?" என்று ஊர்ப் பெரியவர்கள் கேட்பார்கள். விளையாட்டுக்காக ஓர் உயிரை இழுத்து அலைக்கழித்துவிட்டுப் புண்ணியம் தேடுவதுபோல் விடுவது அவர்களுக்கு அருவருப்பாகப் படுகிறது. இதற்கு முழுமையான மறுமொழி என்னிடம் இல்லை. குழம்புக்கு வேண்டுமென்றால் ஒன்றரைக் கிலோ மீனே போதும், சுவையும் அதில்தான். பெரியது தற்செயலாக மாட்டும்போது என்ன செய்வது என்பதே என் கேள்வி என்று மட்டும் அவர்களிடம் சொல்வேன். பெரியதை மட்டும் குறிவைத்துப் போவதற்குப் பரிசு கொடுக்கும் உங்களால் அதைக்கூடச் சொல்ல முடியாது.

விடுவதென்றால் பிழைக்கும்படி விட வேண்டும். சித்திரை, வைகாசியில் அணை நீர் வற்றிச் சூடேறிக் கிடக்கும்போது தண்ணீரில் உயிர்வளி குறைந்திருக்கும். அந்த வெயிலில் அரைமணி நேரம் போராடிய மீன் நம் கண்ணெதிரே நீந்திப் போனாலும் சற்றுத் தள்ளிப் போய்ச் செத்துப்போவதுண்டு. மெல்லிய தூண்டில் நரம்பில் பெரிய மீனை நீண்ட நேரம் ஆட்டிப் பிடிப்பதைப் பெருமையாகப் பேசும் வழக்கத்தை இதற்காகவே விட்டுவிட வேண்டும். நுனியில் பின்னோக்கிய பல் இல்லாத முள் போதும். முள் தொண்டைக்குள் இறங்கியிருந்தால் பிடுங்காமல் நரம்பை நறுக்கிவிடுவது நல்லது. உலர்ந்த கையாலோ துண்டாலோ பிடித்தால் உடம்பின் வழுவழுப்பு போய்ப் பூஞ்சை பிடிக்கும். தாடையில் மட்டும் பிடித்துத் தொங்கவிட்டுப் படமெடுத்தால் தன் எடையாலேயே அதன் உள்ளுறுப்புகள் நோகும். ஒரு கை வால் அடியிலும் மறு கை வயிற்றுக்குக் கீழும் இருக்க, ஓடும் நீருக்கு எதிர்முகமாகப் பிடித்திருந்தால், முதலில் தாறுமாறாக அடிக்கும் செவுள் மூடி மெல்லச் சீராகும். பிறகு வாலை உதறிக்கொண்டு அதுவே கையை விட்டுக் கிளம்பும். அதற்கு முன்னால் நாம் தள்ளிவிடக்கூடாது.

இனி நான் கேட்பது. எடைக்குப் பதிலாக நீளத்துக்குப் பரிசு கொடுங்கள். பிடித்த இடத்திலேயே, பக்கத்தில் நிற்கும் மற்றொரு போட்டியாளர் சாட்சியாக இருக்க, நனைத்த அளவுப் பலகையில் மீனைக் கிடத்தி ஒரு படம் எடுத்துவிட்டு உடனே விடலாம். எடை தெரிந்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கும் வழி உண்டு: நீளத்தையும் வயிற்றுச் சுற்றளவையும் அங்குலத்தில் எடுத்து, சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 800-ஆல் வகுத்தால் ஏறத்தாழப் பவுண்டுக் கணக்கு வந்துவிடும். முப்பது அங்குல நீளமும் இருபது அங்குலச் சுற்றளவும் உள்ள மீன் பதினைந்து பவுண்டு, அதாவது ஏழு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. கட்லா, ரோகு, ஜிலேபிக் கெண்டை ஆகியவற்றுக்கு வேண்டுமானால் பழைய முறையில் தராசே இருக்கட்டும். ஆப்பிரிக்கக் கெளுத்தியை அதிகம் பிடித்தவருக்குத் தனிப் பரிசு வைத்தால் நானே முதல் ஆளாகக் கைதட்டுவேன். குஞ்சோடு நிற்கும் விராலைப் பிடித்தவரைப் போட்டியிலிருந்து நீக்க வேண்டும், அதில் தயவு காட்டக்கூடாது.

அளந்த மீன்களின் இனம், நீளம், இடம், நாள் ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் எழுதி வையுங்கள். கர்நாடகத்தில் காவிரிக் கரையில் உள்ள கலிபோர் முகாமில் பிடித்து விடும் தூண்டில்காரர்கள் 1998 முதல் 2012 வரை எழுதி வைத்த குறிப்புகளை ஆராய்ந்துதான், வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட நீலத்துடுப்பு மஹ்சீர் பெருகியதையும் திமில் மஹ்சீர் சரிந்ததையும் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். விட்டுவிடுவது மட்டுமே அந்த மீனைக் காப்பாற்றிவிடவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் குறிப்புகள் இல்லாதிருந்தால் அது குறைந்துவருவதே யாருக்கும் தெரிந்திருக்காது. பவானியைப் பற்றியும் அமராவதியைப் பற்றியும் நம்மிடம் அப்படி ஒரு குறிப்பேடு இல்லை. உங்கள் போட்டியிலிருந்து அது தொடங்கலாம்.

அளவுப் பலகைகளுக்கு உங்கள் நிதியில் கை வைக்க வேண்டாம். ஐந்தடி நீளத்தில், ஓரத்தில் சென்டிமீட்டர் கோடு போட்டு, ஒரு முனையில் தடுப்பு வைத்து, கோபியில் உள்ள தச்சரிடம் சொல்லி என் செலவில் செய்து தருகிறேன். எத்தனை வேண்டும், எந்தக் கரைக்கு அனுப்ப வேண்டும் என்பதைப் போட்டிக்கு இரண்டு வாரம் முன்னதாகத் தெரிவித்தால் போதும்.

இப்படிக்கு,
பவானிக் கரைத் தூண்டில்காரன் ஒருவன்