முதல் வருடம் முழுக்க உப்புத் தண்ணீர்

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ அனுப்பியதை மூன்று தடவை படித்தேன். நியூரோசயின்ஸ், அதாவது மூளையையும் நரம்புகளையும் பற்றிய படிப்பு, எடுக்கலாமா, எடுத்தால் மனசு எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துவிடுமா, கனவு ஏன் வருகிறது, காதல் மூளையில் எங்கே இருக்கிறது என்றெல்லாம் கேட்டிருக்கிறாய். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன். இதே கேள்வியோடு இன்னும் எத்தனையோ பேர் இருப்பார்கள், அவர்களும் படிக்கட்டும் என்று எல்லோருக்கும் தெரியும்படியே போடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

எடு. ஆனால் என்ன எடுக்கிறோம் என்று தெரிந்து எடு.

முதல் வருடத்தில் கனவும் வராது, காதலும் வராது. வருவது சோடியமும் பொட்டாசியமும்தான். நரம்பு செல்லுக்கு உள்ளே பொட்டாசியம் அதிகம், வெளியே சோடியம் அதிகம், நடுவில் மெல்லிய கொழுப்புப் படலம், அந்தப் படலத்தில் திறந்து மூடும் சின்னச் சின்னக் கதவுகள். இவ்வளவுதான் ஏற்பாடு. இதனால் செல்லின் உட்பக்கம் வெளிப்பக்கத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் கீழே நிற்கிறது, கதவுகள் திறந்தால் ஒரு மில்லிசெகண்டு அளவுக்கு அது தலைகீழாகிவிட்டுத் திரும்புகிறது, நரம்பின் ஒரு துடிப்பு என்பது இதுதான். வாரக்கணக்கில் இதையே நடத்துவார்கள். என்னோடு சேர்ந்தவர்களில் சிலருக்கு இந்த இடத்திலேயே மனசு விட்டுப்போனது. மனசைப் படிக்க வந்தால் உப்புத் தண்ணீரைப் பற்றிப் பாடம் எடுக்கிறார்களே என்று எனக்கும் இரண்டு மாதம் ஒட்டவே இல்லை.

ஒட்ட வைத்தது ஒரு கரப்பான்பூச்சியின் கால். பனிக்கட்டியில் வைத்து மயக்கிய பூச்சியிலிருந்து ஒரு காலை எடுத்து, அதில் இரண்டு ஊசிகளைக் குத்தி, வயரை ஆம்ப்ளிஃபையரில் கொடுத்து ஸ்பீக்கரைப் போட்டார் ஆசிரியர். வெறும் இரைச்சல்தான் வந்தது. அப்புறம் காலில் இருந்த ஒரு முள்ளைக் குச்சியால் தொடச் சொன்னார். தொட்டேன். தகரக் கூரையில் மழை ஆரம்பிக்கிற மாதிரி படபடவென்று சத்தம். குச்சியை எடுத்தால் அடங்கியது, இன்னும் அழுத்தினால் படபடப்பு நெருக்கமானது, ஆனால் ஒவ்வொரு துடிப்பும் அதே அளவில்தான் இருந்தது. அழுத்தம் கூடினால் துடிப்பு பெரிதாவதில்லை, எண்ணிக்கைதான் கூடுகிறது. எட்கர் ஏட்ரியன் 1920களில் கண்டுபிடித்து, 1932இல் நோபல் பரிசு வாங்கிய விஷயம் அது, என் கையில் இருந்த ஒரு குச்சியின் நுனியில் நடந்துகொண்டிருந்தது. கரும்பலகையில் இருந்த உப்புத் தண்ணீர் அன்றைக்கு எனக்குக் காதில் கேட்டது.

கணக்கைப் பற்றி நீ எதுவுமே கேட்கவில்லை, அதனால் நானே சொல்கிறேன். கணக்கு வேண்டும். ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரண்டு விஞ்ஞானிகள் ஸ்க்விட் என்கிற கணவாயின் நரம்பிழையில் வேலை செய்தார்கள், ஒரு மில்லிமீட்டர் வரை தடிமனாக இருப்பதால் கண்ணாலேயே பார்க்கலாம், உள்ளே கம்பியை நுழைக்கலாம். 1952இல் அவர்கள் எழுதிய சமன்பாடுகளை ஹக்ஸ்லி கையால் சுற்றுகிற கணக்கு இயந்திரத்தில் போட்டுப் போட்டு விடை கண்டார். விடையாக வந்த வளைவு, உண்மையான நரம்பில் அளந்த துடிப்பை அப்படியே ஒத்திருந்தது. அந்தக் கதவுகளை அப்போது யாரும் பார்த்ததில்லை, தங்காய். ஒரே ஒரு கதவு திறந்து மூடும்போது ஓடும் மின்னோட்டத்தை நேஹரும் சாக்மனும் அளந்து காட்டியது 1976இல். கால் நூற்றாண்டுக்கு முன்பே கணக்கு அவற்றின் நடத்தையைச் சொல்லிவிட்டது. கணக்குப் பிடிக்காது என்பதற்காக இந்தப் பக்கம் வருகிறாய் என்றால் கொஞ்சம் நின்று யோசி. பயம்தான் காரணம் என்றால் வா, அது பழகிவிடும்.

காதல் எங்கே இருக்கிறது என்று கேட்டாயே, சிவப்பும் மஞ்சளுமாக ஒளிரும் மூளைப் படங்களைப் பார்த்துத்தான் அந்தக் கேள்வி வந்திருக்கும். அந்தப் படங்களை எடுக்கும் fMRI என்ற ஸ்கேன் நரம்பின் துடிப்பை அளப்பதில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் எப்படி மாறுகிறது என்பதை அளக்கிறது, அந்த மாற்றமும் சில செகண்டு தாமதமாகத்தான் வருகிறது, படத்தின் ஒரு புள்ளிக்குள் லட்சக்கணக்கான செல்கள் அடங்கியிருக்கின்றன. 2009இல் ஒரு குழு செத்துப்போன சால்மன் மீனை ஸ்கேனருக்குள் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டி, அதன் மூளையிலும் சில புள்ளிகள் ஒளிர்வதைக் காண்பித்தது. ஆயிரக்கணக்கான புள்ளிகளை ஒரே நேரத்தில் சோதிக்கும்போது, அதற்கான திருத்தத்தைக் கணக்கில் செய்யாவிட்டால் தற்செயலாகச் சில தேறிவிடும் என்று எச்சரிக்கத்தான் அப்படிச் செய்தார்கள். அதனால் புள்ளியியல் வகுப்பை மட்டும் தூங்கிக் கழிக்காதே. நான் முதலில் அலட்சியமாக விட்டுவிட்டு, கடைசி வருடம் திரும்ப உட்கார்ந்து படித்தேன்.

இந்தப் படிப்பு எனக்குக் கொடுத்த பெரிய சொத்து, "இது எப்படித் தெரியும்?" என்று கேட்கிற பழக்கம். கால்ஜி 1873இல் வெள்ளி உப்பை வைத்து ஒரு சாய முறையைக் கண்டுபிடித்தார், மூளையின் ஏராளமான செல்களில் ஏதோ ஒரு சிலவற்றை மட்டும் அது முழுசாகக் கறுப்பாக்கும். கஹால் அதே முறையை மேம்படுத்தி வருடக்கணக்கில் உட்கார்ந்து வரைந்தார். கால்ஜிக்கு எல்லாம் ஒன்றோடொன்று இணைந்த வலையாகத் தெரிந்தது, கஹாலுக்குத் தனித்தனி செல்களாகத் தெரிந்தது. 1906இல் நோபல் பரிசை இருவருக்கும் சேர்த்தே கொடுத்தார்கள், கால்ஜி அந்த மேடையிலேயே கஹால் பக்கத்துக் கொள்கையை எதிர்த்துப் பேசினார். தனித்தனி செல்கள் என்பதுதான் நின்றது. ஒரே சாயத்தை வைத்துக்கொண்டு இரண்டு பெரிய மூளைகள் வேறு வேறு முடிவுக்கு வந்திருக்கின்றன என்பதை நான் இன்றுவரை மறப்பதில்லை.

இன்னொன்றையும் சேருவதற்கு முன்பே யோசித்து வைத்துக்கொள். விலங்குகளை வைத்து வேலை செய்ய வேண்டிவரலாம். என் கடைசி வருட ப்ராஜெக்ட் எலியின் மூளைத் துண்டுகளில். 300 மைக்ரோமீட்டர் தடிமனில் சீவி, ஆக்சிஜன் குமிழிடும் உப்புக் கரைசலில் வைத்தால் சில மணி நேரம் உயிரோடு இருக்கும். நுனி ஒரு மைக்ரோமீட்டர் அளவே உள்ள கண்ணாடிக் குழாயை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபடி ஒரு செல்லின் மேல் இறக்கி, குழாயின் மறுமுனையை வாயில் வைத்து மெல்ல உறிஞ்ச வேண்டும். படலம் குழாயோடு ஒட்டிக்கொண்டால் திரையில் கோடு அப்படியே அமைதியாகிவிடும். ஆறு வாரம் எனக்கு ஒட்டவே இல்லை. ஒட்டிய அன்று, ஒரு செல் எனக்காகப் பேசிய 20 நிமிடம் நான் நாற்காலியை விட்டு அசையவில்லை. ஆனால் அதற்காக ஓர் எலி செத்திருக்கிறது என்பது ஒவ்வொரு நாளும் மனசில் இருந்தது, இருக்கவும் வேண்டும். உன்னால் முடியாது என்று தோன்றினால் அதில் ஒரு குறையும் இல்லை, மனிதர்களை வைத்தோ கணினி மாதிரிகளை வைத்தோ வேலை செய்யும் பிரிவுகள் இருக்கின்றன.

மனசு புரியுமா என்ற கேள்விக்கு என்னிடம் இருப்பது ஹென்றி மொலேசனின் கதைதான். வலிப்பு நிற்பதற்காக 1953இல் அவருடைய மூளையின் இரண்டு பக்கமும் ஹிப்போகேம்பஸ் என்ற பாகத்தின் பெரும்பகுதியை எடுத்தார்கள், அதற்குப் பிறகு புதிதாக எந்த நிகழ்ச்சியும் அவருக்கு நினைவில் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து ஒரு நட்சத்திரத்தின் ஓரத்தைப் பென்சிலால் வரையும்படி அவரிடம் சொன்னார். ஒவ்வொரு நாளும் இதை முன்பு செய்ததே இல்லை என்பது போலத்தான் உட்கார்ந்தார், கை மட்டும் நாளுக்கு நாள் தேறிக்கொண்டே வந்தது. நினைவு என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது ஒன்று அல்ல, குறைந்தது இரண்டு என்று அந்தப் பென்சில் கோடுகள் காட்டிவிட்டன. 2008இல் சாகும்வரை அவர் ஆய்வுகளுக்கு உட்கார்ந்துகொண்டே இருந்தார். மனசு மொத்தமாக உனக்குப் புரியாது, இப்படி ஒரு துண்டு புரியும். அந்தத் துண்டுக்காக வாழ்க்கையைக் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

வேலை பற்றிச் சுருக்கமாக. இந்தப் பட்டத்தால் நீ டாக்டராக மாட்டாய், நோயாளிக்கு வைத்தியம் பார்க்க ஆசை என்றால் மருத்துவம் படிக்க வேண்டும். ஆராய்ச்சி என்றால் முனைவர் பட்டம் வரை போக வேண்டும். இரண்டும் வேண்டாம் என்றாலும் தரவுகளை அலசத் தெரிந்தவர்களுக்கு வேறு வழிகள் உண்டு.

நீ பார்த்து வைத்திருக்கும் பாடத்திட்டங்களை எனக்கு அனுப்பு. ஆய்வகத்துக்கு எத்தனை மணி நேரம், புரோகிராமிங் எந்த வருடம், கடைசி வருடத்தில் சொந்தமாக ஒரு ப்ராஜெக்ட் உண்டா, இந்த மூன்றையும் ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
அக்கா