மாவு மில் நின்ற ஒரு மணி நேரம்

அன்புள்ள நேயர்களுக்கும், ஊர்க்காரர்களுக்கும், எல்லோருக்கும் முன்னால் மாவு மில் அக்காவுக்கும்,

வணக்கம்.

நேற்றுச் சாயந்திரம் 6 மணிக்கு நம்ம சமுதாய வானொலி பழைய ஸ்டுடியோவிலிருந்தே பேசத் தொடங்கியதைக் கேட்டிருப்பீர்கள். என்ன நடந்தது என்று இங்கே திரும்ப எழுதவில்லை. தண்ணீர் ஏறிய தெருக்களில் இருந்தவர்களுக்கு அதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. யார் யார் கை கொடுத்தார்கள் என்பதை மட்டும், சுவரில் ஈரம் காய்வதற்குள் எழுதிவிடுகிறோம்.

வெள்ளத்தால் ஸ்டுடியோ இல்லாத 19 நாட்களும் சாயந்திர உரையாடல் நிகழ்ச்சி ஒரு நாள்கூட நிற்கவில்லை. அதற்குப் பெரிய காரணம் எந்தக் கருவியும் இல்லை. ஒரு மாவு மில் தினமும் 4 மணிக்கு நின்றது, அதுதான் காரணம்.

பதிவுக்குக் கிடைத்த அறை மில்லை ஒட்டி இருந்தது. பத்துக்குப் பன்னிரண்டு அடி, ஒரு பக்கச் சுவர் இரண்டுக்கும் பொது. மேட்டில் இருந்ததால் தண்ணீர் ஏறவில்லை, கரண்டும் அந்த வரிசைக்குத்தான் முதலில் வந்தது. வேறு இடம் தேட வழியில்லை. ஆனால் முதல் நாள் பதிவை ஹெட்போனில் கேட்டதுமே தெரிந்துவிட்டது, மில் ஓடும்போது இங்கே உரையாடல் எடுக்க முடியாது.

ஏன் முடியாது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறோம். வீட்டில் பதிவு செய்து அனுப்பும் நேயர்களுக்கும் உதவும். மில் மோட்டார் நிமிடத்துக்கு 1,440 சுற்று, அதாவது நொடிக்கு 24. அந்த அதிர்வு காற்றில் வருவதைவிடத் தரை வழியாகத்தான் அதிகம் வரும். தரையிலிருந்து மேஜை, மேஜையிலிருந்து மைக் ஸ்டாண்டு. இதை அடக்கலாம். ஸ்டாண்டுக்கு அடியில் மடித்த துணியோ ரப்பரோ வைத்து, ஒலியைச் சீர்செய்யும் மிக்சர் கருவியில் 80 ஹெர்ட்ஸுக்கு, அதாவது நொடிக்கு 80 அதிர்வுக்கு, கீழே உள்ளதை வெட்டிவிட்டால் பெரும்பகுதி போய்விடும். அடங்காதது உள்ளே சுற்றும் சுத்தியல் கட்டைகளின் சத்தம். அது நூறுகளில் இருக்கும் ஹெர்ட்ஸ், மனிதக் குரல் இருக்கும் அதே இடம். அதை வெட்டினால் குரலையும் சேர்த்து வெட்ட வேண்டும்.

சாப்ட்வேரில் இரைச்சலை நீக்கலாமே என்று பலர் கேட்டார்கள். மின்விசிறி மாதிரி ஒரே சீராக ஓடும் சத்தத்துக்கு அது சரிப்படும். மில்லின் சத்தம் சீராக இருக்காது. மல்லி போட்டால் ஒரு சுருதி, அரிசி போட்டால் ஒரு சுருதி, தொட்டி காலியானால் இன்னொன்று. சாப்ட்வேர் எதை இரைச்சல் என்று எடுத்துக்கொள்வது எனத் தெரியாமல் குரலில் உள்ள ச, ஸ, ஷ ஒலிகளைத் தின்றுவிடும். பேசுகிறவர் தண்ணீருக்குள் இருந்து பேசுவது போல இருக்கும். சத்தம் குறைந்தால் ஒலியை மூடிவிடும் 'நாய்ஸ் கேட்' போட்டால் இன்னும் மோசம். ஆள் பேசும்போது கதவு திறந்து மில்லும் உள்ளே வரும், பேச்சு நின்றால் எல்லாம் பட்டென்று அடங்கும். கேட்பவரின் காது அந்த ஏற்ற இறக்கத்திலேயே போய் நின்றுவிடும்.

அக்காவிடம் இதையெல்லாம் யாரும் சொல்லவில்லை. மில்லை நிறுத்துங்கள் என்று கேட்கவும் இல்லை, கேட்க வாயும் வராது. மார்கழி மாதம், பொங்கலுக்கு முந்தின வாரங்கள். வேலை விட்டு வருகிறவர்கள் அரிசித் தூக்கோடு வந்து வரிசையில் நிற்பதே 4 மணிக்குத்தான். வெள்ளம் முடிந்து கல்லாவில் காசு விழத் தொடங்கிய நேரமும் அதுதான். மோட்டார் ஓடினால் பக்கத்து அறையில் பேச்சு நின்றுபோகிறது என்பதை அவர் முதல் நாளே கவனித்திருக்கிறார். இரண்டாம் நாள் 4 மணிக்கு ஸ்டார்ட்டரை அமுக்கி நிறுத்திவிட்டார். கதவில் பள்ளிக்கூடச் சிலேட்டு ஒன்று தொங்கியது. சாக்பீஸில் எழுதியிருந்தது: "4 மணி முதல் 5 மணி வரை மில் ஓடாது. பக்கத்து ரூமில் பேசுகிறார்கள்."

அரவை மில்லை நடுவில் நிறுத்துவது லேசான வேலை இல்லை. தானியம் உள்ளே இருக்கும்போது நிறுத்தினால் சல்லடைக்கு முன்னால் அடைத்துக்கொள்ளும். மறுபடி போடும்போது பெல்ட் வழுக்கும், மோட்டார் சூடாகும். அதனால் அவர் 3:45-க்கே அரிசி வாங்குவதை நிறுத்தி, தொட்டியைக் காலியாக ஓடவிட்டு, மாவைத் தட்டி இறக்கி, 4 மணிக்குள் முடித்துவிடுவார். 5 மணிக்குத் திரும்பப் போட்டதும் முதலில் கொஞ்சம் வெறும் அரிசி ஓட்டிக் கழித்த பிறகுதான் அடுத்தவர் அரிசி. கணக்குப் பார்த்தால் ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம்.

மூன்றாம் நாள் இன்னொன்றும் செய்தார். பேச வந்தவர் இருமிக்கொண்டே இருந்ததைச் சுவர் வழியாகக் கேட்டிருக்கிறார். மில் நின்றாலும் மிளகாய்த் தூள் காற்றில் தங்கும், கதவு இடுக்கு வழியாக வரும். அன்றிலிருந்து மிளகாய் அரவையைக் காலை நேரத்துக்கு மாற்றிவிட்டார். சாயந்திரம் அரிசியும் கேழ்வரகும் மட்டும். அதையும் வந்து சொல்லவில்லை. இருமல் நின்றதை வைத்துத்தான் தெரிந்தது.

வரிசையில் நின்றவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். ஒரு மணி நேரம் தூக்கை வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தீர்கள். செல்போனைச் சத்தமில்லாமல் வைக்கச் சொல்லி ஒருவருக்கொருவர் சைகை காட்டியதையும் பார்த்தோம்.

அந்த ஒரு மணி நேர அமைதி எதற்குப் பயன்பட்டது? இந்த நிகழ்ச்சிக்கு வருகிறவர்கள் பேச்சாளர்கள் இல்லை. குடியை விட்டவர், நாற்பது வயதில் எழுதப் படிக்கக் கற்றவர், மகளின் படிப்பை நிறுத்திவிட்டு அப்புறம் தானே போய்த் திரும்பச் சேர்த்துவிட்டவர். இவர்களிடம் "ஏன்" என்று கேட்டால் நீதிபதி முன்னால் நிற்பது போல ஆகிவிடுவார்கள். "அன்றைக்கு என்ன நடந்தது" என்று கேட்டால் சொல்வார்கள். கேட்டபின் குறைந்தது ஐந்து நொடி வாய் திறக்காமல் இருக்க வேண்டும். பெரும்பாலும் முதல் பதில் ஊருக்குச் சொல்லும் பதில். அடுத்து வருவதுதான் அவருடையது. நடுவில் இருக்கும் இடைவெளியில் அடுத்த கேள்வியைத் திணித்தால் அந்த இரண்டாவது பதில் வராமலே போய்விடும்.

ஏழாம் நாள் பதிவில் இது நடந்தது. பேர் சொல்லாமல் ஒலிபரப்பலாம் என்று அவரே ஒப்புக்கொண்டதால் எழுதுகிறோம். குடியை நிறுத்தி இரண்டு வருடம் ஆனவர். நிறுத்த வேண்டும் என்று தோன்றிய நாள் எது என்ற கேள்விக்கு, "உடம்பு முடியல, டாக்டர் சொன்னாரு" என்றார். அதோடு நின்றது. பதிவில் அடுத்த 11 நொடி ஒன்றும் இல்லை. நாற்காலி ஒருமுறை முனகுகிறது, தெருவில் சைக்கிள் மணி. பிறகு சொல்கிறார்: "திண்ணையில கெடந்தேன். ஸ்கூலுக்குப் போற புள்ள என்னைத் தாண்டிக்கிட்டுப் போச்சு."

மில் ஓடியிருந்தால் அந்த 11 நொடி இருந்திருக்காது. இரைச்சலில் ஆட்கள் குரலை உயர்த்திப் பேசுவார்கள், சீக்கிரம் முடிக்கப் பார்ப்பார்கள். அந்தச் சொல் தொண்டையிலேயே நின்றிருக்கும்.

அந்த இடைவெளியை ஒலிபரப்பியதில் சிக்கலும் வந்தது. ஒலிபரப்பு சாப்ட்வேரில் அமைதியைக் கண்டுபிடிக்கும் அமைப்பு உண்டு. பத்து நொடி ஓர் அளவுக்கு மேல் சத்தம் இல்லையென்றால் கோளாறு என்று நினைத்துத் தானாகப் பாட்டுப் போட்டுவிடும். அன்றைய முதல் ஒலிபரப்பில் பாட்டு குறுக்கே வந்ததற்கு அதுதான் காரணம். மறு ஒலிபரப்புக்கு முன் 30 நொடியாக மாற்றிவிட்டோம். உரையாடல் நிகழ்ச்சி நடத்தும் மற்ற நிலையங்களும் இதைப் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

மற்றவர்களையும் சொல்ல வேண்டும். கல்யாண மண்டபத்திலிருந்து ஜமக்காளங்கள் வந்தன. அக்காவின் மில்லிலிருந்தே துவைத்து உலர்த்திய சாக்குகளும் வந்தன. அவற்றைச் சுவரோடு ஒட்டி அறையாமல் நாலு அங்குலம் தள்ளிக் கயிற்றில் இரண்டு மடிப்பாகத் தொங்கவிட்டதால் எதிரொலி அடங்கியது. டிரான்ஸ்மிட்டரை உயிர்ப்பித்த தம்பிகளுக்கு நன்றி. கோளாறு பெட்டியில் இல்லை, ஆன்டெனாவுக்குப் போகும் கேபிளின் கனெக்டரில் தண்ணீர் இறங்கியிருக்கிறது என்பதை, ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டிச் சோதிக்கும் டம்மி லோடை வைத்து ஓட்டிப் பார்த்து அரை மணியில் சொல்லிவிட்டார்கள். ஆன்டெனாவுக்கு 50 வாட் அனுப்பினால் ஒரு வாட் வரை திரும்பி வருவதில் பயமில்லை, ஐந்து வாட்டைத் தொட்டால் நிறுத்திவிட்டுக் கோபுரத்தில் ஏறிப் பார்க்க வேண்டும் என்று சுவரிலேயே எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். மூன்று வேளையும் சோறு அனுப்பிய தெருக்காரர்கள், ரெக்கார்டரும் பேட்டரியும் இரவல் தந்த கல்லூரிப் பிள்ளைகள், ஈர மிக்சரை விசிறியில் காயவைத்து ஒரு வாரம் யாரையும் சுவிட்ச் போடவிடாமல் காவல் காத்த எலெக்ட்ரீஷியன் அண்ணன், எல்லோருக்கும் எங்கள் வணக்கம்.

சேர்ந்து உட்கார்ந்து நிகழ்ச்சியைக் கேட்கும் குழுக்கள் இல்லாவிட்டால் இவ்வளவும் காற்றில் போயிருக்கும். 1956-ல் புனே பக்கத்துக் கிராமங்களில் வானொலி விவசாயக் குழுக்களை வைத்துச் சோதித்துப் பார்த்தபோதே தெரிந்த விஷயம்தான் இது: ஒருவர் தனியாகக் கேட்டால் கேட்டதோடு போய்விடும், பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து கேட்டு, கேட்டதைப் பேசினால் ஊரில் ஏதாவது ஒன்று நகரும். தஞ்சாவூர்ப் பக்கம் 1960-களில் வானொலி வழியாகப் பரவிய ஆடுதுறை 27 நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பேர் விழுந்தது. இந்த முறை மூன்று குழுக்கள் நிவாரண முகாமிலேயே கூடிக் கேட்டீர்கள். குடி பற்றிய அந்த உரையாடலுக்குப் பிறகு ஒரு குழு அரை மணி நேரம் பேசி, முகாமைச் சுற்றி ராத்திரியில் சாராயம் விற்க விடுவதில்லை என்று முடிவெடுத்து, நோட்டில் கையெழுத்துப் போட்டீர்கள். ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு முடிவு, அதுவும் அடுத்த வாரத்துக்குள் செய்து பார்க்கக்கூடியதாக இருக்கட்டும் என்ற வழக்கத்தைத் தண்ணீருக்கு நடுவிலும் விடவில்லையே!

அலைவரிசை பொதுச் சொத்து என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2004 பிப்ரவரி 1 அன்று அண்ணா பல்கலைக்கழகத்தில் 90.4 மெகாஹெர்ட்ஸில் வளாக வானொலி தொடங்கியது. 2006-ல் தொண்டு நிறுவனங்களுக்கும் அனுமதி வந்தது. பாம்பனில் மீனவர்களுக்கென்று கடல் ஓசை என்ற சமுதாய வானொலி பேசுகிறது. இதெல்லாம் சட்டத்தாலும் கொள்கையாலும் திறந்த கதவுகள். மில் நிற்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை.

அதனால் சில விஷயங்களை இங்கேயே எழுத்தில் கொடுக்கிறோம். இனி, பேசியவரிடம் கேட்காமல் அவருடைய இடைவெளியை வெட்ட மாட்டோம். அவரே குறைக்கச் சொன்னால், அதே அறையின் அமைதியைக் கொண்டு ஒட்டுவோம், வெற்றிடத்தைக் கொண்டு ஒட்ட மாட்டோம். ஒலிபரப்புக்கு முன்னால் ஒவ்வொருவருக்கும் அவருடைய பதிவைப் போட்டுக் காட்டுவோம். வேண்டாம் என்று கடைசி நாளில் சொன்னாலும் எடுத்துவிடுவோம். மனநல உதவிக்கான 14416, பெண்களுக்கான 181, குழந்தைகளுக்கான 1098 ஆகிய எண்களை நிகழ்ச்சியின் நடுவில் ஒருமுறையும் முடிவில் ஒருமுறையும், ஒவ்வொரு இலக்கமாக, எழுதிக்கொள்ள நேரம் விட்டுச் சொல்வோம். கையில் பேனா இல்லாதவர் மனசில் ஏற்றிக்கொள்ளும் வேகத்தில் சொல்வோம்.

அக்கா, உங்களுக்கு ஒன்று. எந்த அறையில் பதிவு செய்தாலும் பேச்சு தொடங்கும் முன் ஒரு நிமிடம் யாரும் பேசாமல் அந்த அறையின் சத்தத்தை மட்டும் பதிவு செய்துகொள்வோம், ஒட்டு வேலைக்காக. உங்கள் பக்கத்து அறையில் எடுத்த கடைசி நாள் ஒரு நிமிடம் எங்களிடம் இருக்கிறது. முதலில் பெல்ட் சக்கரம் சுற்றி ஓயும் சத்தம், அப்புறம் நீங்கள் தொட்டியைத் தட்டும் இரண்டு தட்டு, யாரோ தூக்கைத் தரையில் வைக்கும் சத்தம், அதன் பிறகு ஒன்றுமில்லை. ஒலிபரப்பிய நிகழ்ச்சிகளை மூன்று மாதம் வைத்திருந்தால் போதும் என்பது விதி. இது ஒலிபரப்பான நிகழ்ச்சி இல்லை, ஆனாலும் இதை அழிக்கப் போவதில்லை. 'மில் அக்கா, 4 மணி' என்று பேர் போட்டுத் தனியாக எடுத்து வைத்திருக்கிறோம்.

நன்றியுடன்,
சமுதாய வானொலிக் குழுவினர்