கப்பலில் வருபவர்களுக்கு எங்கள் துறைமுகங்களின் கதையும் சொல்லப்பட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்னையிலிருந்து சொகுசுக் கப்பல் 2023இல் திருகோணமலைக்கும் காங்கேசன்துறைக்கும் வந்தபோது மனதார சந்தோஷப்பட்டேன். கப்பல் வரட்டும், இன்னும் நிறைய வரட்டும். ஆனால் இறங்குகிறவர்களை பஸ்ஸில் ஏற்றி, கோணேசர் கோயிலைக் காட்டி, மான்களோடு படம் எடுக்கவிட்டுத் திருப்பி அனுப்பினால் போதுமா? திருகோணமலைக் கோட்டை வாசல் கல்லில் பாண்டியரின் சின்னமான இணைக்கயல் (இரட்டை மீன்) இருக்கிறது, பக்கத்திலேயே தேய்ந்துபோன தமிழ்க் கல்வெட்டு. விரலால் தடவிப் பார்த்தால்தான் எழுத்து பிடிபடும். வழிகாட்டி யாராவது அங்கே இரண்டு நிமிடம் நின்று சொல்ல வேண்டாமா?

வடகரை முழுக்க இப்படித்தான். ஊர்காவற்றுறைத் துறைமுகத்துக்கு வரும் பரதேசி (வெளிநாட்டு) வணிகர்களுக்குப் பாதுகாப்பு தருவதாகப் பொலன்னறுவை மன்னன் முதலாம் பராக்கிரமபாகு 12ஆம் நூற்றாண்டில் தமிழிலேயே வெட்டிவைத்த சாசனம் நயினாதீவில் இருக்கிறது. யானை, குதிரை ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் கால் பங்கு அரசுக்கு, முக்கால் பங்கு உடையவனுக்கு என்று அதில் கணக்கும் உண்டு. அப்புறம் வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி, நம்மவர்கள் பாய் விரித்து ஓட்டிப்போய் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தில் சேர்த்த கப்பல். கடல்வழி வருகிற பயணிக்கு இதைவிட நல்ல கதை வேறு என்ன வேண்டும்?

சுற்றுலாத்துறை உள்ளூர் இளைஞர்களுக்கு வழிகாட்டிப் பயிற்சி கொடுக்கட்டும், கோட்டை வாசலில் மும்மொழிப் பலகை ஒன்றும் வைக்கட்டும். அடுத்த பருவக் கப்பல் வருவதற்குள் இதைச் செய்யலாம்.

வாசகர் ஒருவர்,
திருகோணமலை